மன்னார்க் கரை மறந்த கடற்படைத் தளபதி குஞ்ஞாலி மரக்கார்

பெருநிலப்பரப்பிலிருந்து தாம்போதி வழியாக மன்னார்த் தீவுக்குள் நுழைவோரை வரவேற்பது அங்குள்ள பழைய கோட்டை. நான்கு கொத்தளங்களைக் கொண்ட இக்கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றித் திருத்தியமைத்தனர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கட்டியவர் யார், பிடித்தவர் யார், திருத்தியவர் யார் என்பதெல்லாம் ஏடுகளில் ஒழுங்காகப் பதியப்பட்டுள்ளது. ஆனால் அக்கோட்டையின் ஆதிக்கத்தை எதிர்த்துக் கடலிலே நின்று போராடி மாண்டவர்களின் பெயர் பொறித்த கல் ஒன்றை இக்கரையில் நாம் கண்டதில்லை.

படைவீரர்களின் வாழ்வையும் சேவையையும் நினைவுகூர்வது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். இரு உலகப் போர்களிலும் மாண்டவர்களுக்கு நகரங்கள்தோறும் தூபிகள் எழுப்பப்பட்டன. ஆயினும் நினைவுகூரப்படும் பேறு எல்லா வீரர்களுக்கும் ஒரேவிதமாகக் கிடைப்பதில்லை. வென்றவர்களின் வீரர்களுக்குக் கல் கிடைக்கின்றது. தோற்றவர்களின் வீரர்களுக்கு, அவர்களது பேரப்பிள்ளைகளின் நினைவு மட்டுமே கிடைக்கின்றது. அந்த நினைவும் மங்கிவிட்டால் அவர்கள் இரண்டாம் முறையும் இறந்தவர்களாவர். மன்னார்க் கடலைப் பொறுத்தவரை அவ்வாறு இரண்டாம் முறை இறந்துகொண்டிருப்பவர்கள் குஞ்ஞாலி மரக்கார்களும் அவர்களோடு கடலேறிய வீரர்களுமே என்பது எமது கருத்து. அவர்களுள் இறுதியானவரும் பெரும் துயரத்துக்கு ஆளானவருமான நான்காம் குஞ்ஞாலியின் வாழ்வை இங்கு நோக்குவோம்.

அவர் கேரளக் கரையைச் சேர்ந்தவர். அவருக்கும் மன்னாருக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவக்கூடும். அதற்கு விடை காண, முதலில் இக்கடலின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும்.

தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மணற்றிட்டுகளும் ஆழமற்ற நீர்ப்பகுதிகளும் தொடராக அமைந்துள்ளன. பெரிய பாய்க்கப்பல்கள் இவ்வழியே கடக்க முடியாது. அவை இலங்கைத் தீவை முழுவதுமாகச் சுற்றியே செல்ல வேண்டும். ஆனால் துடுப்பு வலித்துச் செல்லும் சிறு கலங்களுக்கு இத்தடை இல்லை. ஆகவே மலையாளக் கரையிலிருந்து குமரிமுனையைச் சுற்றி, காயல்பட்டினம், கீழக்கரை, மன்னார், கற்பிட்டி எனத் துறைகள்தோறும் சென்றுவந்த கடலோடிகளுக்கு இது ஒரே வீட்டின் பல அறைகளைப் போன்றதாகவே இருந்தது. அரிசியும் மிளகும் பாக்கும் துணியும் முத்தும் சங்கும் இவ்வழியாகவே கைமாறின. மரக்கார் என்னும் பெயர்கூட மரக்கலம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பர். தமிழகத்தில் மரைக்காயர் எனவும் இலங்கையில் மரிக்கார் எனவும் வழங்குவது இதே பெயர்தான். மன்னார், புத்தளம் பகுதிகளில் இப்பெயர் இன்றும் குடும்பப் பெயராக நிலைத்திருக்கின்றது.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததோடு இக்கடலின் வழமை மாறத் தொடங்கியது. அதுவரை இந்துமாக்கடலில் எவரும் தனியுரிமை கோரியதில்லை. போர்த்துக்கேயரோ தமது அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த மரக்கலமும் ஓடக்கூடாது என விதித்தனர். சீட்டின்றிப் பிடிபட்ட கலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன; எரிக்கப்பட்டன; அவற்றில் இருந்தோர் கொல்லப்பட்டதும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமக்குரியதாக இருந்த கடலில் தாமே பிறரிடம் அனுமதி கேட்டு ஓட வேண்டிய நிலை வணிகர்களுக்கு ஏற்பட்டது. கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரிக்கும் இது ஏற்கக்கூடியதாக இருக்கவில்லை. அவரது செல்வமெல்லாம் துறைமுக வணிகத்தில் தங்கியிருந்தது.

சாமூதிரியிடம் நாயர் வீரர்களைக் கொண்ட வலிமையான தரைப்படை இருந்தது. கடலில் போரிடவல்ல படை இருக்கவில்லை. அக்குறையை நிறைவு செய்தவர்கள் மரக்கார்கள். கொச்சியில் வணிகம் செய்துவந்த குட்டி அகமது அலி, போர்த்துக்கேயரின் கொடுமை தாளாது பொன்னானிக்குக் குடிபெயர்ந்து, தமது கலங்களையும் ஆட்களையும் சாமூதிரிக்கு அர்ப்பணித்தார். சாமூதிரி அவரைத் தமது கடற்படைத் தலைவராக்கிக் குஞ்ஞாலி என்ற பட்டத்தை வழங்கினார். அன்புக்குரிய அலி எனப் பொருள்படும் இப்பட்டத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நால்வர் அடுத்தடுத்துத் தாங்கினர். இந்து மன்னர் ஒருவரின் கடலை முஸ்லிம் தளபதிகள் காத்தனர். அத்தளபதிகளின் துறைகளைத் தரையில் நாயர் வீரர்கள் காத்தனர். இந்த ஏற்பாடு நிலைத்திருந்த காலம்வரை, பீரங்கிகளாலும் பெருங்கப்பல்களாலும் போர்த்துக்கேயரால் கோழிக்கோட்டைப் பணியவைக்க முடியவில்லை என்பது நோக்கற்பாலது.

மரக்கார்களின் போர்முறை இக்கடலுக்கென்றே அமைந்தது. சில பத்துப் பேர் துடுப்பு வலிக்கும் சிறு கலங்கள் கழிமுகங்களிலும் களப்புகளிலும் மறைந்திருக்கும். காற்று வீழ்ந்து பெருங்கப்பல் அசையமுடியாது நிற்கும் வேளையில் அவை கூட்டமாக வந்து தாக்கும். துரத்தப்பட்டால் ஆழமற்ற நீருக்குள் புகுந்துவிடும். பெருங்கப்பல்கள் அவற்றைப் பின்தொடர முடியாது.

இக்கலங்கள் மன்னார்க் கடலுக்கும் வந்தன. 1530களில் கோட்டே மன்னன் புவனேகபாகுவுக்கும் அவனது தம்பியான சீதாவக்கை மன்னன் மாயாதுன்னைக்கும் இடையே பகை முற்றியிருந்தது. அண்ணன் போர்த்துக்கேயரை நாடினான். தம்பி சாமூதிரியின் உதவியை நாடினான். சாமூதிரி மரக்கார்களின் தலைமையில் கப்பற்படையை அனுப்பினார். 1538ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள வேதாளைக் கரையில் தரித்துநின்ற அப்படையை மார்ட்டின் அபோன்சோ டி சோசா தலைமையிலான போர்த்துக்கேயர் தாக்கினர். மரக்கார்கள் பெருந்தோல்வியடைந்தனர். அவர்களது கலங்களும் பீரங்கிகளும் பறிபோயின. அதன் பின்னரும் மனந்தளராது அவர்கள் மீண்டும் இலங்கைக்கு வந்தனர். ஆனால் போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்ய நேர்ந்தபோது, தனக்கு உதவ வந்த மரக்கார் தலைவர்களின் தலைகளையே மாயாதுன்னை அதற்கு விலையாகக் கொடுத்தான் என வரலாறு கூறுகின்றது. உதவ வந்தவனை உதவி பெற்றவனே கைவிடும் இக்கதை, அறுபது ஆண்டுகளின் பின்னர் இன்னும் கொடுமையான முறையில் மீண்டும் நிகழவிருந்தது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. வேதாளைப் போரின் பின்னணியில் நமது கரையோர மக்களிடையே இருந்த பிணக்கும் உண்டு. முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே எழுந்த சச்சரவின் விளைவாகவே 1530களில் பரவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். அவர்களுக்கு அது உயிர்காக்கும் முடிவாகத் தோன்றியது. ஒருவரின் காவலன் மற்றவரின் பகைவனாக இருந்த காலம் அது. இரு தரப்பினரும் தத்தம் பிழைப்புக்காகவே போராடினர் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இவ்வரலாற்றை இன்று நேர்மையாகப் படிக்க முடியும்.

1560இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற வந்து அம்முயற்சி கைகூடாத போர்த்துக்கேயர் மன்னாரைத் தமதாக்கிக்கொண்டனர். முத்துச் சலாபத்தின்மீதும் நீரிணையின்மீதும் ஒருசேரக் கண்வைக்கக்கூடிய இடம் அது. அங்கிருந்து அவர்களை அகற்ற யாழ்ப்பாண மன்னன் புவிராஜ பண்டாரம் முயன்றான். 1590ஐ அண்டி அவன் மன்னார்க் கோட்டையை முற்றுகையிட்டபோது அவனும் சாமூதிரியின் துணையையே நாடினான். குஞ்ஞாலி மரபைச் சேர்ந்த குட்டி மூசா என்னும் தளபதியின் தலைமையில் கலங்கள் வந்தன.

அக்கலங்கள் மன்னாருக்குத் துணைநிற்க முடியவில்லை. 1591இல் கோவாவிலிருந்து அந்திரே பூர்த்தாடோ டி மென்டோன்சா என்னும் தளபதி பெரும் படையுடன் வந்தான். கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள காரைதீவுப் பகுதியில் குட்டி மூசாவின் படையை அவன் அழித்தான். பின்னர் மன்னாரை அடைந்து முற்றுகையை முறியடித்தான். அங்கிருந்து யாழ்ப்பாணத்தின்மீது பாய்ந்து நல்லூரைக் கைப்பற்றினான். புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டான். போர்த்துக்கேயருக்குத் திறை செலுத்த ஒப்புக்கொண்ட எதிர்மன்னசிங்கன் அரியணையில் அமர்த்தப்பட்டான். தமிழரசு ஒன்றைக் காக்க வந்த முஸ்லிம் கடலோடிகள் மன்னார்க் கடலின் வாயிலில் மாண்டனர் என்பதும், அவர்கள் மாண்டதும் அவ்வரசு தன் சுதந்திரத்தை இழந்தது என்பதும் நாம் மறக்கக்கூடாத செய்திகள். பூர்த்தாடோ என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவனை மீண்டும் சந்திப்போம்.

குட்டி மூசாவின் தோல்விக்கு நான்கு ஆண்டுகளின் பின்னர், 1595இல், மூன்றாம் குஞ்ஞாலி மறைந்தார். 1571இல் சாலியம் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்ட போரில் பெரும் பங்காற்றியவர் அவர். அச்சேவைக்குப் பரிசாக, கோழிக்கோட்டுக்கு வடக்கே ஆற்றுமுகத்தில் அமைந்த புதுப்பட்டணத்தில் கோட்டை கட்டிக்கொள்ளச் சாமூதிரி அவருக்கு அனுமதி அளித்திருந்தார். மரக்கார் கோட்டை எனப் பெயர்பெற்ற அவ்விடத்தில் அவரது மருமகன் முகம்மது அலி, நான்காம் குஞ்ஞாலியாகப் பொறுப்பேற்றார்.

புதிய தளபதி ஆற்றல் மிக்கவர். கோட்டையின் மதில்களைப் பலப்படுத்தினார். ஆற்றுமுகத்தில் எதிரிக் கலங்கள் நுழையாதவாறு தடைகளை அமைத்தார். மேற்குக் கரையில் போர்த்துக்கேயரின் கப்பல்கள் அச்சமின்றி ஓட முடியாத நிலையை ஏற்படுத்தினார். அவரிடம் சேர்ந்தவர்கள் மலையாளிகள் மட்டுமல்லர். மலாக்காவில் போர்த்துக்கேயரிடம் ஏவலாளாக இருந்த சீனர் ஒருவர், சிறைப்பட்டு அவரிடம் கொண்டுவரப்பட்டு, பின்னர் அவரது பெருநம்பிக்கைக்குரிய துணைத் தளபதியாக உயர்ந்தார். பிறப்பையன்றி ஆற்றலையும் விசுவாசத்தையும் நோக்கி ஆட்களைத் தேர்ந்தவர் குஞ்ஞாலி என்பதற்கு இது சான்று.

ஆனால் அவரது ஆற்றலோடு செருக்கும் வளர்ந்தது. முஸ்லிம்களின் மன்னர் என்றும் இந்தியக் கடல்களின் தலைவர் என்றும் அவர் தம்மை அழைத்துக்கொண்டார். ஒரு மன்னரின் சேவகராக இருப்பவர் தாமே மன்னர் எனப் பட்டம் சூடிக்கொள்வதை எந்த அரசனும் பொறுக்கமாட்டான். சாமூதிரியின் யானை ஒன்றின் வாலை அவர் வெட்டினார் என்றும், மன்னர் அனுப்பிய நாயர் தூதுவரை அவமதித்தார் என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இவற்றுள் எது நிகழ்ந்தது, எது பகைவரால் பரப்பப்பட்டது எனப் பிரித்தறிவது எளிதன்று. குற்றச்சாட்டுகள் நம்பப்படும் அளவுக்கு இருவருக்குமிடையிலான நம்பிக்கை தளர்ந்திருந்தது என்பதே முக்கியமானது.

அத்தளர்ச்சி திடீரென ஏற்பட்டதும் அன்று. 1584இலேயே பொன்னானியில் பண்டகசாலை அமைக்கப் போர்த்துக்கேயருக்குச் சாமூதிரி இடமளித்திருந்தார். நெடுங்காலப் போரினால் அவரது வணிகம் நலிந்திருந்தது. சமாதானம் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் போர்த்துக்கேயரோடு மன்னர் நெருங்க நெருங்க, அவர்களை எதிர்ப்பதையே வாழ்வாகக் கொண்ட தளபதி தனிமைப்பட்டார். தனிமைப்பட்ட தளபதி தம் கோட்டையையும் பட்டத்தையும் மேலும் இறுகப் பற்றிக்கொண்டார். அவர் பற்றிக்கொண்டதைக் கண்டு மன்னரின் ஐயம் மேலும் வளர்ந்தது. இருவருமே முழுக்கக் குற்றமற்றவர்கள் அல்லர். எனினும் இருவருக்கும் அவரவர் நியாயம் இருந்தது. அந்த இடைவெளிக்காகவே போர்த்துக்கேயர் ஒரு நூற்றாண்டாகக் காத்திருந்தனர்.

முதலாவது தாக்குதல் 1599இல் இடம்பெற்றது. அக்காலத்தில் கோவாவில் அரசப் பிரதிநிதியாக இருந்தவர் வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரரான பிரான்சிஸ்கோ ட காமா. அவரது சகோதரர் லூயிஸ் ட காமாவின் தலைமையில் படை அனுப்பப்பட்டது. தரையில் சாமூதிரியின் நாயர்படையும் கடலில் போர்த்துக்கேயரும் மரக்கார் கோட்டையைச் சூழ்ந்தனர். குறித்த நேரத்தில் இரு பக்கமும் ஒருங்கே தாக்குவதென்ற திட்டம் குழம்பியது. போர்த்துக்கேயர் பலர் மாண்டனர், எஞ்சியோர் பின்வாங்கினர். இந்தியாவில் போர்த்துக்கேயர் கண்ட மிகப்பெரிய அவமானங்களுள் ஒன்றாக அத்தோல்வி கருதப்பட்டது. தம் அரசரும் அந்நியரும் ஒன்றுசேர்ந்து நின்றபோதும் குஞ்ஞாலி தளரவில்லை.

அந்த அவமானத்தைத் துடைக்க அனுப்பப்பட்டவன்தான் அந்திரே பூர்த்தாடோ டி மென்டோன்சா. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் காரைதீவில் குட்டி மூசாவை அழித்து, மன்னார் முற்றுகையை முறியடித்து, நல்லூரில் குருதி சிந்திய அதே தளபதி. 1599ஆம் ஆண்டின் இறுதியில் அவன் ஆற்றுமுகத்தை அடைத்தான். தரைப்பக்கத்தைச் சாமூதிரியின் படை அடைத்தது. வெளியிலிருந்து உணவோ ஆட்களோ கோட்டைக்குள் செல்ல வழியில்லை. மாதங்கள் கடந்தன. பீரங்கிகள் மதிலை இடித்தன. பசி உள்ளிருந்தோரை வாட்டியது. கோட்டைக்குள் இருந்தவர்கள் போர்வீரர்கள் மட்டுமல்லர். பெண்களும் குழந்தைகளும் இருந்தனர்.

1600 மார்ச் மாதத்தில் குஞ்ஞாலி சரணடைய இசைந்தார். போர்த்துக்கேயரிடமன்று, தம் மன்னரிடம். உயிருக்கு உத்தரவாதம் அளிக்கப்பட்டால் சாமூதிரியின் முன்னிலையில் வாளை வைப்பதாக அவர் கூறியதும் அது ஏற்கப்பட்டதும் வரலாறு. கோட்டை வாயில் திறந்தது. முதலில் பசியால் வாடிய மக்கள் வெளிவந்தனர். இறுதியில் தலையில் கறுப்புத் துணி போர்த்தியவராகக் குஞ்ஞாலி நடந்துவந்தார். மன்னர் முன் நின்று, வாளின் முனையைத் தாழ்த்தி, அதனை அவரிடம் ஒப்படைத்தார். ஒரு நூற்றாண்டுக் காலச் சேவையின் அடையாளம் அந்த வாள். அருகில் நின்ற பூர்த்தாடோ அக்கணமே குஞ்ஞாலியைப் பற்றித் தன்பக்கம் இழுத்துக்கொண்டான்.

அப்பொழுது நிகழ்ந்த ஒன்று, இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி எனலாம். சாமூதிரியின் நாயர் வீரர்களிடையே பெருங்கூச்சல் எழுந்தது. மாதக்கணக்கில் குஞ்ஞாலிக்கு எதிராகப் போரிட்டவர்கள் அவர்கள். ஆயினும் உயிர்க்காப்பு வாக்குப் பெற்றுச் சரணடைந்த ஒரு வீரனை அந்நியரிடம் ஒப்படைப்பதை அவர்களால் சகிக்க முடியவில்லை. மன்னரின் கணக்கும் தளபதியின் செருக்கும் மறந்துவிட்ட ஓர் அறம் அந்தச் சாதாரண வீரர்களின் உள்ளத்தில் எஞ்சியிருந்தது. அந்தக் கலவரம் அடக்கப்பட்டது. குஞ்ஞாலி கப்பலில் ஏற்றப்பட்டார். மரக்கார் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

கோவாவில் அவரும் அவரோடு பிடிக்கப்பட்ட ஏறத்தாழ நாற்பது பேரும் சிறையிடப்பட்டனர். சமயத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தப்பட்டபோது குஞ்ஞாலி இணங்கவில்லை. மக்கள் திரண்டு நிற்க, பொது இடத்தில் அவரது தலை வெட்டப்பட்டது. உடல் நான்காகத் துண்டிக்கப்பட்டுப் பாஞ்சிம், பார்டேஸ் கடற்கரைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தலை உப்பிலிடப்பட்டுக் கண்ணூருக்கு அனுப்பப்பட்டு, அங்கு மக்கள் காணுமாறு கம்பத்தில் நாட்டப்பட்டது. அவருக்குக் கல்லறை இல்லை. ஒரு கல்லறைகூட இருக்கக்கூடாது என்பதே அத்தண்டனையின் நோக்கம்.

ஆயினும் நோக்கம் நிறைவேறவில்லை. குஞ்ஞாலியின் மருமகன்களுள் ஒருவன் சிறுவனாகப் பிடிக்கப்பட்டு, கோவாவில் கிறிஸ்தவனாக வளர்க்கப்பட்டு, டொன் பெத்ரோ ரொட்ரிகஸ் எனப் பெயரிடப்பட்டான். வளர்ந்ததும் அவன் அங்கிருந்து தப்பிச் சென்று, தன் முன்னோரின் வழியில் போர்த்துக்கேயருக்கு எதிராகக் கடலேறினான். ஆனால் மன்னரும் தளபதியும் இணைந்த அந்தப் பழைய வலிமை மீளவில்லை. 1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாண அரசை அடியோடு வீழ்த்தியபோது, கடல்வழியே வந்து அதனைத் தடுக்கவல்ல பெரும்படை எதுவும் இருக்கவில்லை. 1626இல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் வெளியேற்றியபோது, அவர்களை ஏற்றுக் கிழக்கிலே குடியமர்த்தியவர் கண்டியின் பௌத்த மன்னர் செனரத் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

குஞ்ஞாலிகளைப் போர்த்துக்கேய ஏடுகள் கடற்கொள்ளையர் என்றே எழுதின. இக்கூற்றை முற்றாக ஒதுக்குவதும் முற்றாக ஏற்பதும் தவறு. அவர்கள் கப்பல்களைப் பிடித்தனர், பொருளைக் கவர்ந்தனர், நமது முத்துக்குளிக்கும் கரைகளும் அவர்களால் துன்புற்றன. ஆனால் பிறருடைய கடலில் சீட்டுக் கொடுத்து வரி அறவிட்டவர்களும், சீட்டில்லாதோரின் கலங்களை எரித்தவர்களும், எதிர்த்து நின்றவர்களைக் கொள்ளையர் என அழைத்தது விந்தையே. ஓர் அரசனின் ஆணையை ஏற்று, அவனது கொடியின் கீழ், தம் மக்களின் தொழிலையும் வாழ்வையும் காக்கப் போரிட்டவர்கள் எவ்வகையிலும் படைவீரர்களே.

இந்தியா அவர்களை அவ்வாறே ஏற்றுக்கொண்டுள்ளது. வடகரைக்கு அண்மையில், பழைய மரக்கார் கோட்டை இருந்த கோட்டக்கல் பகுதியில், அவர்களது இல்லத்தின் எஞ்சிய பகுதி நினைவகமாகப் பேணப்படுகின்றது. இந்தியக் கடற்படை மும்பையிலுள்ள தன் கரைத்தளம் ஒன்றுக்குக் குஞ்ஞாலியின் பெயரைச் சூட்டியது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை, அவர்களது போர்க்கலத்தைச் சித்திரித்து முத்திரை வெளியிட்டது. 2021இல் நான்காம் குஞ்ஞாலியின் கதை பெரும் பொருட்செலவில் மலையாளத் திரைப்படமாக வெளிவந்து தமிழிலும் காட்டப்பட்டது. ஆனால் அந்த மரபின் கலங்கள் தமிழரசுக்குத் துணையாக வந்து மூழ்கிய இக்கரையில், அப்பெயரை அறிந்த பாடசாலை மாணவர் எத்தனை பேர் இருப்பர்?

மன்னார் தன் மாண்டோரை மறக்கும் ஊரன்று. 1544இல் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்களைத் தோட்டவெளியில் இன்றும் மக்கள் வேண்டுதலோடு நினைவுகூர்கின்றனர். அது போற்றத்தக்க வழக்கம். தம் உறவினரின் சாவுக்குக் கண்ணீர் விடத் தெரிந்த மக்களுக்கு, அயலவரின் சாவுக்கும் தலைவணங்கத் தெரியும் என நாம் நம்புகின்றோம். தோட்டவெளியின் மாண்டோரும் காரைதீவுக் கடலின் மாண்டோரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவர்களைப் போலத் தோன்றலாம். இன்றைய மன்னாருக்கோ இரு சாராரும் முன்னோரே.

இதனை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்தும் தீவின் ஏனைய ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கின. அதே ஆண்டில் போருக்கு அஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து படகேறி இராமேசுவரம் சென்றன. ஒரு படகு தெற்கே, மறுபடகு மேற்கே. முன்னையது சென்ற வழி, 1591இல் குட்டி மூசாவின் கலங்கள் மன்னாரை நோக்கி வந்த வழி. பின்னையது சென்ற வழி, 1538இல் மரக்கார்கள் தரித்துநின்ற வேதாளைக்குச் சென்ற வழி. உதவிக்கு வந்த பாதைகள் ஓடிப்போகும் பாதைகளாக மாறியதைவிட இக்கடலுக்குப் பெரிய துயரம் வேறென்ன இருக்க முடியும்?

போர் 2009இல் முடிந்தது. சென்றவர்களில் பலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. திரும்பியோருக்கும் இருந்தோருக்கும் இடையே காணிப் பிணக்குகளும், எங்கள் இடம், உங்கள் இடம் என்ற வாதங்களும் எழுந்தன. இத்தகைய வாதங்களில் வரலாறு பெரும்பாலும் ஆயுதமாகவே எடுக்கப்படுகின்றது. குஞ்ஞாலியையும் அவ்வாறு பயன்படுத்தலாம். முஸ்லிம்களின் மன்னர் எனத் தம்மை அழைத்துக்கொண்டவர் என ஒரு சாரார் பெருமை பேசலாம். அதனையே மறுசாரார் குற்றமாகக் கூறலாம். இரண்டுமே அவரைச் சிறுமைப்படுத்தும். மரக்கார்கள் ஒரு நூற்றாண்டு வென்றது இந்து மன்னரோடு இணைந்து நின்றதால். அவர்களில் இறுதியானவர் வீழ்ந்தது அந்த இணைப்பு அறுந்ததால். போர்த்துக்கேயரின் பீரங்கிகள் எப்போதும் இருந்தன. 1600இல் புதிதாக வந்து சேர்ந்தது பீரங்கியன்று, ஐயம்.

ஆகவே எமது வேண்டுகோள் எளிமையானது. மன்னார்க் கடற்கரையில், தாம்போதிக்கு அருகிலோ தலைமன்னாரிலோ, 1538இலும் 1591இலும் இக்கடலில் மாண்ட வீரர்களுக்காக ஒரு சிறு கல் நாட்டப்பட வேண்டும். அதனைக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என எதனுடைய வளவுக்குள்ளும் வைக்காமல் எல்லோரும் கடந்துசெல்லும் பொது இடத்தில் வைக்க வேண்டும். புவிராஜ பண்டாரத்தின் பெயரும் குட்டி மூசாவின் பெயரும் அதில் அருகருகே பொறிக்கப்பட வேண்டும். மாவட்டத்தின் பாடசாலைகளில் தமிழ் மாணவருக்கும் முஸ்லிம் மாணவருக்கும் ஒரே வகுப்பில் ஒரே பாடமாக இவ்வரலாறு கற்பிக்கப்பட வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை; இரு சமூகத்துப் பெரியோர் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும்.

தலையில் கறுப்புத் துணியோடு கோட்டை வாயிலில் நடந்துவந்த அந்தத் தளபதி, தம் வாளை அந்நியனிடம் கொடுக்கவில்லை. தம் மன்னரை நம்பி அவர் கையில் கொடுத்தார். அந்த நம்பிக்கை அன்று காக்கப்படவில்லை. அதற்காகக் கூச்சலிட்ட நாயர் வீரர்களின் குரலை வரலாறு அடக்கிவிட்டது. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னராயினும், மன்னார்த் தீவின் தமிழரும் முஸ்லிம்களும் அவ்வீரர்களின் பக்கம் நிற்பார்களாயின், கல்லறையற்ற அத்தளபதிக்கு அதைவிடச் சிறந்த நினைவிடம் வேறில்லை.